பூட்டிய வீட்டில் ஓடிய டிவி

பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல் கதவில் சாவியை நுழைத்தபோது உள்ளே ஒரு ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது. என் கணவரின் குரல் இல்லை. அவர் ஆண்டிமடத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறார். விளக்கு வைத்த பிறகுதான் பெரம்பலூர் வந்து சேருவார். மகன் சென்னையில் இருக்கிறான். வேறு யாரிடமும் சாவி கிடையாது.

கையிலிருந்த குடையை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு கதவில் காதை வைத்தேன். உள்ளே இருந்தவன் மூட்டுவலித் தைலத்தை வாங்கிக்கொள்ளும்படி யாரையோ மிகுந்த அன்போடு கெஞ்சிக்கொண்டிருந்தான். எந்தத் திருடனும் தைலம் விற்க மாட்டான் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. கதவைத் திறந்தேன். ஹாலில் ஆளே இல்லாமல் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

நான் குரும்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்னோட்டவியல் நடத்துகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அன்று மாலை கணவரிடம் கேட்டேன். "காலையில நியூஸ் பாத்துட்டு அப்படியே போட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன். கடைசியா கெளம்புனது நீதான்" என்றார்.

அது உண்மைதான். அவர் ஏழு மணிக்கே பஸ் ஏறிவிடுவார். கடைசியாகக் கிளம்புவது நான். அதுவும் சும்மா கிளம்ப மாட்டேன். கேஸ் சிலிண்டரைத் திருகி மூடுவேன். மோட்டார் சுவிட்சைப் பார்ப்பேன். கொல்லைக் கதவை இழுத்துப் பார்ப்பேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டரை அணைப்பேன். ஆளில்லாத வீட்டில் பேட்டரி வேலை செய்துகொண்டிருப்பது ஆபத்து என்று எனக்கு ஒரு எண்ணம். இத்தனையும் முடித்துத் தெருமுனைக்குப் போய், ஒரு தடவை திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போவேன். இப்படிப்பட்டவளைப் பார்த்து டிவியை அணைக்காமல் போனாய் என்றால் கோபம் வராதா? 

அடுத்த வாரமும் அப்படியே ஆனது. இந்த முறை டிவியில் ஒருவர் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. மறந்துவிட்டோம் என்று நினைக்கும்போது மறுபடியும். காலையில் டிவி அணைந்திருப்பதை நான் ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு தடவை போனில் போட்டோவே எடுத்துக்கொண்டு போனேன். மாலையில் வந்தால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டோவைக் கணவரிடம் காட்டினேன். அணைந்த டிவியின் படம் வெறும் கறுப்பாக இருந்தது. "இது என்ன, ஸ்லேட்டா?" என்று கேட்டார்.

எதிர் வீட்டில் லப்பைக்குடிக்காட்டுக்கார அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் துபாயில். ஒரு நாள் வாசலில் பார்த்தபோது, "டீச்சர், இன்னிக்கு ஸ்கூல் இல்லீங்களா? மத்தியானம் உங்க வூட்டுல பாட்டுச் சத்தம் கேட்டுச்சே" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க ஊரு ஹஜரத்த ஒருக்கா வந்து ஓதிட்டுப் போகச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. அதோடு விடாமல், ரிமோட்டிலிருந்து அகச்சிவப்புக் கதிர் எப்படி வருகிறது, அது டிவியின் கண்ணில் பட்டால் என்ன ஆகிறது, பக்கத்து வீட்டு ரிமோட்டின் கதிர்கூட ஜன்னல் வழியாக வரலாம் என்று நடுத்தெருவில் ஒரு பாடம் எடுத்தேன். ரிமோட்டைக் கொண்டுவந்து, பட்டனை அழுத்தி, அது மினுக்குவதைப் போன் கேமராவில் காட்டினேன். அவர் கையில் பால் பாத்திரத்தோடு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அல்லா எல்லாத்தையும் நல்லதாக்கி வெப்பான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதிர்தான் காரணம் என்று முடிவு கட்டி, டிவியின் கீழ் ஓரத்தில் இருந்த கண்ணின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். அன்று மாலை கிரிக்கெட் மேட்ச். கணவர் ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். டிவி அசையவில்லை. தானாக ஆன் ஆன டிவியை, நாங்களே நினைத்தாலும் ஆன் ஆகாத டிவியாக ஆக்கி வைத்திருந்தேன். டேப்பைப் பிய்த்தார். மறுநாள் காலை அவர் போனதும் திரும்ப ஒட்டினேன். மாலையில் வந்து பார்த்தால் டேப் ஒட்டினபடியே இருந்தது. டிவியும் ஓடிக்கொண்டிருந்தது.

அகச்சிவப்பு போனது. அடுத்து வைஃபை மேல் சந்தேகப்பட்டேன். காலையில் கிளம்பும்போது அதையும் அணைத்தேன். பயன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஆசிரியர் அறையே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி ரிமோட்டில் எறும்பு என்றது, இன்னொன்று எங்கள் வீட்டு எர்த் சரியில்லை என்றது. இரண்டுக்கும் நான் தலையாட்டினேன். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

கடைசியில் டிவி ரிப்பேர்காரரை ஒரு சனிக்கிழமை வரவழைத்தேன். அவர் வந்து உட்கார்ந்திருந்தவரை டிவி சாதுவாக இருந்தது. பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கினார். துடைத்தார், ஊதினார், மறுபடியும் சொருகினார். உடனே டிவி ஆன் ஆகி ஒரு அம்மா ரசம் வைக்க ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா மேடம், நல்லா ஆன் ஆகுது" என்றார்.

"ஆமா, ஆன் ஆகறதுல ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன் நான்.

இரண்டு பேரும் அதை நின்று பார்த்தோம். யாரும் ரிமோட்டைத் தொடவில்லை. பேட்டரிதான் அரிசி டப்பாவில் இருந்ததே. டிவி எங்கள் கண்முன்னால் தானாக ஆன் ஆனது. அதைப் பார்த்து நான் தலையாட்டிவிட்டு அவருக்கு டீ போடப் போனேன். அவர் எல்லா செட்டிங்கையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்தச் சேனல் எங்கே போனது என்றே தெரியவில்லை. அதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை.

இது வரைக்கும் இது எங்கள் வீட்டுப் பிரச்சினையாகத்தான் இருந்தது. என் நாத்தனார் வந்த பிறகுதான் குடும்பப் பிரச்சினை ஆனது.

நாத்தனார் என் கணவரின் அக்கா. அரியலூரில் இருக்கிறார். அவர் மகள் அங்கேயே புது வீடு கட்டியிருந்தாள். புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க, ஒரு வேலைநாளில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருக்கிறார். வெயில் நேரம். எங்கள் வாசலில் என் ஸ்கூட்டி நின்றது. பள்ளிக்கூடத்துக்கு நான் சக டீச்சர் ஒருவரின் காரில்தான் போவேன். அது அவருக்குத் தெரியாது. எங்கள் கதவு இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம், வெளியில் பூட்டு தொங்காது. படியில் என் பழைய செருப்பு வேறு கிடந்தது. உள்ளே டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பெல் அடித்திருக்கிறார். தட்டியிருக்கிறார். என் போனுக்கு அடித்திருக்கிறார். நான் வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

மாலையில் பத்திரிகையைப் பார்த்து நானே கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. கணவருக்குத்தான் போன் வந்தது. அவர் முகம் போகிற போக்கிலேயே எனக்குப் புரிந்தது. வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ உள்ள உக்காந்து டிவி பாத்துக்கிட்டே கதவத் தொறக்கலையாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அரியலூர் போனோம். நாத்தனார் வீட்டில் நான் நேராக அடுப்படிக்குப் போய் டம்ளர் எடுத்து நானே காபி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். அன்று கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடிக் கோப்பையில் காபி கொண்டுவந்து, சாஸரோடு நீட்டினார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அண்ணி, அன்னிக்கு நான் வூட்டுலயே இல்ல. ஸ்கூல்ல இருந்தேன்" என்றேன்.

"அப்படியா. அப்ப டிவி யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல அண்ணி. அது தானா ஆன் ஆயிடுது."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி முறுக்கைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் நாத்தனார் நிதானமாக. "எங்க வூட்டுல கூட அப்படித்தான். நான் எந்திரிக்கறதுக்குள்ள மிக்ஸி தானா சட்னி அரைச்சு வெச்சுடும்."

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் விளக்காமல் இருக்கத் தெரியாது. அகச்சிவப்புக் கதிரில் ஆரம்பித்து, டேப் ஒட்டியது, வைஃபையை அணைத்தது, எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியது என்று போய்க்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல, உண்மையைச் சொல்கிற எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. கடையில் பில் போடாமல் நழுவப் பார்த்தவள் பேசுகிற மாதிரி நீளமாக, நுணுக்கமாக இருந்தது. கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. அவர் இரண்டாவது முறுக்கை எடுத்தார்.

"நீங்களே வந்து நாலு நாள் இருந்து பாருங்க அண்ணி" என்றேன் கடைசியாக. அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"வரேன். பொரை இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. எப்படியும் பெரம்பலூருக்குத்தான் கண்ணு காட்ட வரணும்" என்றார். மன்னித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. சாட்சி சொல்ல வருகிறார் என்றுதான் அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை வந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரச் சொன்னார். அதனால் அதுவரை எங்கள் வீட்டில் தங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கணவரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். மூன்று பேரும் அணைந்திருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்நேரத்துக்கு ஆன் ஆகும்?" என்று கேட்டார் நாத்தனார்.

"நேரம்னு இல்ல அண்ணி. அதுபாட்டுக்கு ஆகும்."

எதிர் வீட்டு அம்மா பிரியாணி கொண்டுவந்து கொடுக்க வந்தவர், நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார். டிவியின் கறுப்புக் கண்ணாடியில் எங்கள் மூன்று பேர் முகமும் தெரிந்தது. நடுவில் இருந்த முகம்தான் மிகவும் பாவமாக இருந்தது. அது என்னுடையது. கொஞ்ச நேரத்தில் கணவர் குறட்டை விட்டார். டிவி கடைசிவரை ஆன் ஆகவில்லை. "பரவால்ல விடு" என்று சொல்லி நாத்தனார் எழுந்து போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, வழக்கமான சடங்குகளை முடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நாள் முழுக்க மனசு வீட்டிலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை ஆன் ஆகிவிடேன் என்று ஒரு டிவியை மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓம் விதியை நடத்தினேன்.

மாலையில் வந்தால் நாத்தனார் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. அவருக்குப் பின்னால், வீட்டுக்குள் டிவியில் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆன் ஆச்சு" என்றார் நாத்தனார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. பையைக் கீழே போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "நான் சொன்னேன்ல அண்ணி. இப்பவாவது நம்புறீங்களா?"

"நம்புறேன். அத வுடு. மொதல்ல ஒன் இன்வெர்ட்டர ஆளக் கூப்புட்டுக் காட்டு. அது வேலையே செய்யல."

"என்ன ஆச்சு?"

"மத்தியானம் சாப்புட்டுப் படுத்தேன். கரண்ட் போயிடுச்சு. ஃபேன் நின்னுடுச்சு. இன்வெர்ட்டர் இருக்கே, சுத்தும்னு பாத்தா சுத்தல. வெந்துபோயி கெடந்தேன். ரொம்ப நேரங் கழிச்சு கரண்ட் வந்துச்சு. ஃபேன் சுத்துச்சு, கூடவே இந்த டிவியும் கத்த ஆரம்பிச்சுச்சு. மறுபடியும் போச்சு. மறுபடியும் வந்துச்சு. அப்பவும் அதே கததான். எனக்கு அத ஆஃப் பண்ணவும் தெரியல. வெளில வந்து உக்காந்துட்டேன்."

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் இந்த டிவி தானாக விழித்துக்கொள்ளும். நாங்கள் வீட்டில் இருக்கும்போது இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்வதால் டிவிக்குக் கரண்ட் போனதே தெரியாது. நான் தினமும் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் போகிறேன். அதனால் ஆளில்லாத நேரத்தில் மட்டும் அதற்குத் தெரிகிறது. அன்றைக்கு ரிப்பேர்காரர் பிளக்கைப் பிடுங்கிச் சொருகியபோது நடந்ததும் இதேதான். ஒரு சுவிட்ச், ஒரு பேட்டரி, ஒரு டிவி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

கூடவே இன்னொன்றும் விளங்கியது. இன்று காலையும் நான் அதை அணைத்துவிட்டுத்தான் போனேன். உள்ளே கண் சரியில்லாத நாத்தனாரை வைத்துக்கொண்டு.

ஒரு நிமிஷம் யோசித்தேன். இன்வெர்ட்டர் பழுது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நைசாக எழுந்து மாடிப்படிக்கு அடியில் போய்க் குனிந்தேன். பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. நிமிர்ந்தால் நாத்தனார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சொட்டு மருந்து விட்ட கண் என்று நான் நினைத்திருந்தேன். விளக்கெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"நீ ஆஃப் பண்ணிட்டா போன?"

"ஆமா அண்ணி. பழக்கத்துல..."

"நான் உள்ள இருக்கறப்ப."

"ஆமா."

நாத்தனார் பச்சை விளக்கையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தானா ஆஃப் ஆயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. கணவர் வந்தபோது இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். நாத்தனார் தன் வாயாலேயே அவருக்கு முழுக்கதையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "பிசிக்ஸ் டீச்சரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்புறம் டிவியின் செட்டிங்கில் உட்கார்ந்து தேடினேன். மெனுவுக்குள் மெனுவாகப் போய், கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற இடம் ஒன்று கிடைத்தது. 'ஆன்' என்று இருந்தது. அதை மாற்றினேன். அது கடையிலிருந்து வரும்போதே அப்படி இருந்திருக்கும் என்பது என் கட்சி. டிவி வாங்கின புதிதில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தது நீதான் என்பது கணவரின் கட்சி. ரிப்பேர்காரர் செட்டிங்கை அழித்த பிறகும் அப்படியே இருந்ததால் என் கட்சிதான் ஜெயிக்கும் என்று வாதாடிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. டிவி அன்றிலிருந்து ஒழுங்காக இருக்கிறது. இன்வெர்ட்டரை இப்போதெல்லாம் அணைப்பதில்லை. தெருமுனையிலிருந்து திரும்பி வருவதை மட்டும் விட முடியவில்லை.

நாத்தனார் செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்த்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்து எதிர் வீட்டு அம்மாவோடு நன்றாகப் பழகிவிட்டுத்தான் போனார். புகுவிழாவுக்கு அவரையும் அழைத்துவிட்டார்.

அரியலூரில் புது வீட்டுப் பந்தலில் என்னை வரவேற்றபோதே தெரிந்தது, கதை எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று. நாத்தனார் சொல்லும் கதையில் கரண்ட் அரை நாள் போயிருந்தது. அவர் மயங்கி விழுகிற நிலைக்கு வந்திருந்தார். நான் இன்வெர்ட்டர் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். நான் திருத்தவில்லை. பெண்கள் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பந்தியில் எனக்கு ஜாங்கிரி இரண்டாக விழுந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, நாத்தனாரின் ஓரகத்தி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் இப்போது முகம் கவலையாக இருந்தது.

"டீச்சரு, கேலி பண்றேன்னு நெனச்சுக்காத. எங்க வூட்டு ஃப்ரிட்ஜு நைட்ல மட்டும் டொக்கு டொக்குன்னு சத்தம் போடுது. பகல்ல ஒண்ணும் இல்ல. எதனாலன்னு தெரியல."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே இருந்த எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சுவத்துலேந்து எவ்வளவு தள்ளி வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தேன்.